வலை வந்து சேருமுன் திரும்பிவிடும் மீன்

பெரம்பூரிலிருந்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஐயா, கொளத்தூரில் வாங்கிவந்த டோமினோ டாம்சல் மீன் ஒன்று எங்கள் வீட்டுக் கடல்நீர்த் தொட்டியில் இருக்கும் இரண்டு கோமாளி மீன்களையும் மூலைக்குத் துரத்தித் தீனி எடுக்கவிடாமல் செய்கிறது. வலையைத் தண்ணீரில் வைத்த கணமே அது கல்லுக்குள் போய்விடுகிறது. அடுக்கிய பாறைகளையெல்லாம் கலைக்காமல் அதை மட்டும் பிடிக்க வழி உண்டா? வலை வருவது அதற்கு எப்படி முன்கூட்டியே தெரிகிறது?" இரண்டாவது கேள்விக்கு விடை கிடைத்தால் முதல் கேள்விக்கான விடையும் அதிலிருந்தே வந்துவிடும். ஆகவே இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

மீனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டோமினோ என்ற பெயரில் விற்கப்படுவது டாசில்லஸ் ட்ரைமாக்குலேட்டஸ் என்னும் இனம். கரிய உடல், நெற்றியில் ஒன்றும் பக்கத்துக்கு ஒன்றுமாக மூன்று வெண்புள்ளிகள். செங்கடலில் தொடங்கிப் பசிபிக் வரையிலான பவளப்பாறைகளில் வாழும் இம்மீன், குஞ்சாக இருக்கையில் கடல் சாமந்திகளின் உணர்கொம்புகளுக்கிடையே கோமாளி மீன்களுடன் கூடிக் குடியிருக்கும். வளர்ந்து பெரிதாகும்போது தனக்கென ஓர் எல்லையை வகுத்துக்கொண்டு, அதற்குள் வரும் எதையும் விரட்டும். திறந்த கடலில் துரத்தப்படும் மீன் வேறு பாறைக்குப் போய்விடலாம். மூன்றடித் தொட்டியில் போக இடமில்லாததால் தாக்குதல் நாள் முழுவதும் தொடர்கிறது. விலை மலிவு, எதையும் தாங்கும் உடல் என்பதற்காகப் புதிய தொட்டியில் நைட்ரஜன் சுழற்சியை, அதாவது கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியாக்களின் பெருக்கத்தை, தொடங்கிவைக்க டாம்சலை விடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. பாக்டீரியாக்களுக்குத் தேவை அம்மோனியாதான், அதைத் தருவதற்கு ஓர் உயிர் வேண்டியதில்லை என்பதால் இந்த வழக்கம் ஒழிந்தால் நல்லது என்பது என் கருத்து. மூலையில் ஒடுங்கிய மீன்கள் பட்டினியாலும் ஓயாத அச்சத்தாலும் ஒவ்வொன்றாக இறக்கும்போது, வீட்டுக்கு வரவிருந்த கெடுதியை அவை ஏற்றுக்கொண்டன என்று சொல்லி ஆறுதல் அடையும் குடும்பங்களை நம் பகுதியில் நிறையவே பார்க்கிறேன். அந்த நம்பிக்கை இருக்கும் வீட்டில் எந்த மீன் எதைத் துரத்துகிறது என்று உட்கார்ந்து கவனிக்க யாருக்கும் தோன்றுவதில்லை. இது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

இனி வலைக்கு வருவோம். நீர் எளிதில் அமுக்கப்படாத பொருள். அதற்குள் எதை நகர்த்தினாலும் முன்னே இருக்கும் நீர் தள்ளப்பட்டே ஆகவேண்டும். காசிமேடு துறைமுகத்துக்குள் விசைப்படகு நுழையும்போது, அது கரையைத் தொடுவதற்கு முன்பே அதன் முன்னலை வந்து கட்டிக் கிடக்கும் சிறு படகுகளை ஆட்டிவிடுகிறது. கைவலைக்கு முன்னாலும் அத்தகைய அலைதான் செல்கிறது. கண்ணி நெருக்கமாக இருக்க இருக்க வலை நீரைத் தன்னூடே விடாமல் தள்ளுவதால் அந்த அலை வலுக்கும். மீனின் விலாவில் தலை முதல் வால் வரை ஓடும் பக்கக் கோட்டு உறுப்பு இந்த அலையைத்தான் உணர்கிறது. தோலின் மீதும் தோலுக்கடியில் உள்ள நுண்குழாய்களிலும் கூழ்மத் தொப்பி அணிந்த மயிர்ச் செல்கள் கொத்துக் கொத்தாக அமைந்திருக்கின்றன. நீர் அசைந்தால் தொப்பி சாயும், தொப்பி சாய்ந்தால் மயிர்கள் வளையும், உடனே நரம்பில் துடிப்பு எழும். நம் காதுக்குள் ஒலியை உணர்வதும் இதே வகைச் செல்கள்தாம் என்பது பள்ளிப் பாடத்தில் படித்ததுதான்.

உணர்வது மட்டும் மீனைக் காப்பாற்றிவிடாது. உணர்ந்ததற்கும் திரும்புவதற்கும் இடையே எவ்வளவு நேரம் போகிறது என்பதில்தான் அதன் உயிர் இருக்கிறது. கண்ணால் ஒன்றைக் கண்டு கையை அசைக்க மனிதருக்கு ஏறத்தாழ 200 மில்லி வினாடிகள் வேண்டும். மீனோ 10 முதல் 20 மில்லி வினாடிகளுக்குள் உடலை வளைக்கத் தொடங்கிவிடுகிறது. நாம் கையைத் திருப்பலாமா என்று தீர்மானிக்கும் முன்பே அது திரும்பி முடித்திருக்கும்.

இந்த வேகத்துக்குக் காரணமான அமைப்பை 1859-இல் லுட்விக் மௌத்னர் விவரித்தார். பெரும்பாலான எலும்பு மீன்களின் பின்மூளையில், இடப்புறம் ஒன்றும் வலப்புறம் ஒன்றுமாக, மற்ற நரம்புச் செல்களோடு ஒப்பிட முடியாத அளவுக்குப் பெரிய இரண்டு செல்கள் இருக்கின்றன. இவையே மௌத்னர் செல்கள். கோடிக்கணக்கான செல்கள் கூடி முடிவெடுப்பதே மூளையின் இயல்பு என்று படித்து வளர்ந்த நமக்கு, ஒரே ஒரு செல்லின் ஒரே ஒரு துடிப்பு ஓர் உயிரினத்தின் முழு உடலையும் திருப்பிவிடும் என்பது முதலில் நம்ப முடியாததாகத்தான் இருக்கும். ஆனால் நடப்பது அதுதான். இடப்பக்கத்தில் நீர் அதிர்ந்தால் அங்குள்ள மயிர்ச் செல்களின் செய்தி இடப்புற மௌத்னர் செல்லுக்குப் போகிறது. வழக்கமான நரம்புச் சந்திப்புகளில் வேதிப்பொருள் சுரந்து இடைவெளியைக் கடக்க வேண்டும், அதற்குச் சிறிது நேரம் ஆகும். இங்கோ மீனின் உட்காதிலிருந்து வரும் செவி நரம்பிழைகள் பல, மௌத்னர் செல்லோடு மின்சாரம் நேரடியாகப் பாயும் சந்திப்பால் இணைந்திருப்பதால் அந்தத் தாமதமும் இல்லை. செல்லின் தடித்த நரம்பிழை மூளைக்குள்ளேயே மறுபக்கத்துக்குக் கடந்து, தண்டுவடத்தின் வலப்பக்கம் முழுவதும் ஓடி, அந்தப் பக்கத்துத் தசைகளை ஏறத்தாழ ஒரே நேரத்தில் சுருக்குகிறது. ஆகவே உடல் ஆங்கில 'சி' எழுத்து வடிவில் வலப்புறம் வளைகிறது, தலை ஆபத்திலிருந்து விலகித் திரும்புகிறது, அடுத்த நொடிப்பொழுதில் வால் எதிர்த்திசையில் உதைக்க மீன் பாய்ந்துவிடுகிறது.

இதில் நான் மீண்டும் மீண்டும் வியப்பது வேறொன்று. இரண்டு செல்களும் ஒரே நேரத்தில் துடித்தால் இரு பக்கத் தசைகளும் ஒருசேரச் சுருங்கும், மீன் எங்கும் நகராமல் விறைத்து நிற்கும், வேட்டையாடும் விலங்கு அதை எடுத்துக்கொண்டு போய்விடும். அப்படி நேராதபடி ஒவ்வொரு செல்லும் துடிக்கும் அதே தருணத்தில் எதிர்ப்பக்கச் செல்லை அடக்கிவிடும் சுற்று அமைந்திருக்கிறது. அந்த அடக்குதலில் ஒரு பகுதி, வேதிப்பொருளே இல்லாமல், செல்லைச் சூழ்ந்த மின்புலத்தின் மாற்றத்தாலேயே நடக்கிறது என்பதை 1963-இல் ஃபுருகாவாவும் ஃபர்ஷ்பனும் தங்கமீன்களில் காட்டினார்கள். ஆக, மீனின் தப்பித்தல் எப்போதும் ஐயத்துக்கிடமற்ற ஒரே திசையில் நிகழ்கிறது, தொடங்கியபின் அந்த முதல் வளைவை அதனால் நிறுத்தவும் முடியாது.

நிறுத்த முடியாத அசைவு என்றால், அதை முன்கூட்டியே கணிக்கலாம் என்றும் பொருள். இதை நமக்கு வெகுகாலம் முன்பே கண்டுகொண்ட ஓர் உயிரினம் தென்கிழக்காசிய நீர்நிலைகளில் வாழும் உணர்கொம்புப் பாம்பு. மூக்கின் நுனியில் இரண்டு சதைக் கொம்புகள் உடைய இப்பாம்பு, கழுத்தை ஆங்கில 'ஜே' எழுத்து வடிவில் வளைத்து நீருக்கடியில் அசையாமல் கிடக்கும். அந்த வளைவுக்குள் மீன் வந்ததும் தலையை அசைக்காமல் கழுத்துக்குக் கீழே உடலின் ஒரு பகுதியை மட்டும் சிறிது துடிக்கவைக்கும். அந்த அதிர்வு மீனின் ஒரு பக்கத்தில் படவே, அப்பக்கத்து மௌத்னர் செல் துடிக்கிறது, மீன் எதிர்ப்பக்கம் வளைகிறது. எதிர்ப்பக்கத்தில் இருப்பது பாம்பின் வாய். கென்னத் கட்டானியா அதிவேகப் படக்கருவியால் இதைப் பதிவுசெய்து 2009-இல் வெளியிட்டார். மீன் இருக்கும் இடத்தைக் குறிவைக்காமல், அது திரும்பிய பின் அதன் தலை வந்து நிற்கப்போகும் இடத்தைக் குறிவைத்தே பாம்பு பாய்கிறது என்பதும், முட்டையிடாமல் ஈனப்படும் அதன் குட்டிகள் அனுபவம் ஏதுமின்றிப் பிறவியிலேயே இதைச் செய்கின்றன என்பதும் அவருடைய ஆய்வுகளில் தெரியவந்தன.

இத்தகைய ஆய்வினால் என்ன பயன் என்று கேட்டு நிதியை மறுக்கும் போக்கு எங்கும் இருக்கிறது. ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபத்திலும் கேரளத்து விழிஞ்ஞத்திலும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் கோமாளி மீன்களையும் டாம்சல்களையும் கடலிலிருந்து பிடிக்காமல் தொட்டிகளிலேயே இனப்பெருக்கம் செய்யும் முறைகளை உருவாக்கியது பெரிய பணி. அதன் பலன் கொளத்தூர் வரை வந்துசேர வேண்டும் என்று விரும்புகிறேன். ஆனால் வளர்ப்பதற்கும் விற்பதற்கும் செலவிடும் பணத்தில் சிறு பங்கையாவது, ஒரு மீன் ஏன் அஞ்சுகிறது, எப்படிக் கற்கிறது என்று கவனிக்கும் ஆய்வாளர்களுக்கு ஒதுக்கவேண்டும். வண்ணமீன் வணிகத்துக்கு இந்தியாவிலேயே பெயர்பெற்ற கொளத்தூர் இருக்கும் வடசென்னையில், கல்லூரி விலங்கியல் மாணவர்கள் அந்தக் கடைகளையே ஆய்வுக்கூடமாகக் கொள்ளலாம்.

இனி முதல் கேள்விக்கு வருவோம். நீரைத் தள்ளும் எதுவும் மௌத்னர் செல்லைத் துடிக்கவைக்கும் என்பதால், துரத்திப் பிடிக்கும் எண்ணத்தைக் கைவிட்டு, அசையாத ஒன்றுக்குள் மீனை வரவைப்பதே முறை. இதற்கு அக்ரிலிக் பெட்டிப் பொறி மிக நன்று. அக்ரிலிக்கின் ஒளிவிலகல் எண் 1.49, காற்றினுடையது 1, கடல்நீரினுடையது ஏறத்தாழ 1.34. இரு பொருள்களின் எண்கள் நெருங்க நெருங்க அவற்றின் எல்லையில் திரும்பும் ஒளி குறையும். காற்றில் அக்ரிலிக் பரப்பின்மீது நேராக விழும் ஒளியில் சுமார் 4 விழுக்காடு திரும்பிவருவதால் அதன் பளபளப்பை நாம் காண்கிறோம். கடல்நீருக்குள் அது 0.3 விழுக்காட்டுக்கும் கீழே போய்விடுவதால் பெட்டி கிட்டத்தட்டக் கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. மேல்நோக்கித் தூக்கக்கூடிய கதவு, அதில் கட்டிய தங்கூசி நரம்பு (தூண்டிலில் கட்டும் நைலான் இழை), உள்ளே மீன் விரும்பி உண்ணும் இறால் துணுக்கு, இவ்வளவுதான் ஏற்பாடு. வாங்க இயலாதவர்கள் தண்ணீர் பாட்டிலின் கழுத்துப் பகுதியை வெட்டித் தலைகீழாகச் செருகிப் மீன்பிடி கூடையான பழைய பறியின் முறையில் செய்துகொள்ளலாம். உள்ளே போனபின் பாட்டிலின் சுவரோரம் உரசிக்கொண்டே வெளிவழியைத் தேடும் மீன், நடுவில் நிற்கும் குறுகிய வாயைக் கண்டுபிடிக்கத் திணறும். உடல் பெருத்துவிட்ட டோமினோவுக்கு மட்டும் பாட்டில் போதாது.

பெட்டியை இறக்கியவுடன் பிடிக்க முயலக்கூடாது. முதல் சில நாள்கள் கதவைத் திறந்தே வைத்து, அந்த மீனுக்கான தீனியைப் பெட்டிக்குள் மட்டும் இடவேண்டும். கெடுதி எதுவும் பின்தொடராத ஒரு தூண்டல் திரும்பத் திரும்ப வரும்போது மௌத்னர் சுற்று அதற்குப் பதிலளிப்பதைக் குறைத்துக்கொள்கிறது. தங்கூசி நரம்பை இழுத்துப் பிடித்திருக்கும் உங்கள் கையும், தொட்டிக்கு முன்னே உங்கள் நிழலும்கூட இப்படிப் பழகிப்போக வேண்டும். கோமாளி மீன்கள் உள்ளே இருக்கும்போது கதவை விடாமல், டோமினோ தனியாக, தலையை உட்புறம் வைத்துத் தின்னும் தருணத்தில் நரம்பைத் தளர்த்துங்கள்.

அவசரமாக இன்றே எடுக்கவேண்டும் என்றால் இரவு உதவும். எலும்பு மீன்கள் பெரும்பாலானவற்றின் கண்மணி நம்முடையதைப் போலச் சுருங்கி விரிவதில்லை. பகலுக்கும் இருளுக்கும் ஏற்ப விழித்திரையில் கூம்புச் செல்களும் கோல் செல்களும் நீண்டும் குறுகியும் இடம் மாறவேண்டும், அதற்குப் பல நிமிடங்கள் ஆகும். எனவே விளக்கணைத்துச் சில மணி நேரம் கழித்துத் திடீரென ஒளி பாய்ச்சினால் மீன் சற்று நேரம் தடுமாறும். ஆனால் இருட்டிலும் பக்கக் கோடு விழித்தே இருக்கிறது, ஆகையால் அப்போதும் வலையைக் கொண்டு துழாவிப் பயனில்லை. டாம்சல் ஒவ்வோர் இரவும் பெரும்பாலும் ஒரே பொந்தில்தான் தங்கும். அந்தப் பொந்து உள்ள லைவ் ராக் (நுண்ணுயிர்கள் குடியிருக்கும் கடற்பாறை) துண்டைப் பகலிலேயே கண்டறிந்து, இரவில் அதை மட்டும் மெதுவாக, பொந்தின் வாய் மேல்நோக்கியிருக்குமாறு தூக்கித் தொட்டி நீர் நிரப்பிய வாளிக்கு மாற்றினால், மீன் பாறையோடு சேர்ந்தே வந்துவிடுவது உண்டு. பகலில் பாம்பின் உத்தியையும் முயலலாம். பொந்தை முதலில் அடைத்துவிட்டு, ஒளிபுகும் அகன்ற பாத்திரத்தை ஒரு பக்கம் அசையாமல் பிடித்து, எதிர்ப்பக்கத்தில் மெல்லிய குச்சியைச் சட்டென அசைத்தால் மீன் பாத்திரத்தின் பக்கம் வளையும்.

எந்த வழியானாலும் முதல் முயற்சி தவறினால் அன்றைக்கு அத்தோடு விட்டுவிடுங்கள். மீனுக்கு மூன்று வினாடி நினைவுதான் என்பது ஆதாரமற்ற பேச்சு. ஆஸ்திரேலியாவின் கலம் பிரௌன் வானவில் மீன்களை நோக்கி ஓட்டை உள்ள இழுவலையை நகர்த்தினார். ஐந்தாறு முறைக்குள் அவை ஓட்டை வழியே தப்பக் கற்றன. 11 மாதங்கள் வலையையே காட்டாமல் வைத்திருந்து மீண்டும் சோதித்தபோதும் அவை அதை மறந்திருக்கவில்லை என்று 2001-இல் எழுதினார். நீங்கள் துரத்தும் ஒவ்வொரு முறையும் அந்த டோமினோவுக்கு ஒரு பாடம்.

பிடித்த மீனைப் பாத்திரத்தில் நீரோடு சேர்த்தே தூக்குங்கள். வலையில் தூக்கினால் துடுப்பு முட்கள் சிக்கிக் கிழியும், உடலைக் காக்கும் வழவழப்புப் படலமும் உரிந்துபோகும். வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுப்பதைப் பல கடைக்காரர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். காசிமேட்டுக் கடலிலோ எண்ணூர் முகத்துவாரத்திலோ விடுவது இரக்கம் ஆகாது. இந்தோ-பசிபிக்கைச் சேர்ந்த லயன்ஃபிஷ் 1985-இல் ஃபுளோரிடாக் கரையில் முதன்முதலாகக் காணப்பட்டது. வளர்ப்புத் தொட்டிகளிலிருந்து வெளியேறியது என்று கருதப்படும் அம்மீன் இன்று கரீபியன் கடல் முழுவதும் பரவி அங்குள்ள சிறுமீன்களைத் தின்று குறைக்கிறது. தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி விற்கப்பட்ட கவச உடல் கெளுத்தியோ தமிழகத்து ஏரி குளங்களில் பெருகி மீனவர்களின் வலையைக் கிழிக்கிறது. டோமினோ நம் கடல்களுக்கு அந்நிய இனம் இல்லைதான், ஆயினும் கடைத் தொட்டிகளில் பல நாட்டு மீன்களோடு இருந்து ஒட்டிக்கொண்ட நோய்க்கிருமிகளையும் அது சேர்த்தே கொண்டுபோகும். கடைக்குக் கொண்டுபோகும் வரை துளையிட்ட பிளாஸ்டிக் பெட்டிக்குள் அதே தொட்டியின் நீரோட்டத்தில் நிறுத்திவைக்கலாம். அந்த இரண்டு மூன்று நாள்களில் கோமாளி மீன்கள் மூலையைவிட்டு வந்து தீனி எடுக்கின்றனவா என்று பாருங்கள். அப்போதும் வரவில்லை என்றால் டோமினோவைத் தவிர வேறு காரணமும் இருக்கிறது என்று கொண்டு, நீரின் அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் சோதித்துவிடுங்கள்.