போல்ட் எவ்வளவு நீள வேண்டும்?

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரம் தாண்டியதுமே சிறிய கார்கள் இரண்டாம் கியருக்கு இறங்கிவிடும். முன்னால் பஸ் திரும்பிக்கொண்டிருந்தால் முதல் கியர்தான். வேகம் குறைவு, அதனால் ரேடியேட்டருக்குக் காற்றும் குறைவு. இன்ஜினுக்கோ வேலை முழுசாக இருக்கிறது. இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டை, சிலிண்டர்கள் இருக்கும் அடிப்பாகமான பிளாக்கோடு சேர்த்துப் பிடிப்பவை ஹெட் போல்ட்டுகள். அவை சரியாக இறுக்கப்படாத இன்ஜினுக்கு இதைவிடக் கடுமையான சோதனை நம் பக்கத்தில் கிடையாது.

ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பெட்ரோல் இன்ஜின் முழு பாரத்தில் ஏறும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் வளிமண்டலத்தைப் போல் 60, 70 மடங்கு வரை போகும். சிலிண்டரின் விட்டம் 75 மி.மீ. என்றால், ஒவ்வொரு எரிப்பிலும் ஹெட்டை மேலே தூக்கப் பார்க்கும் விசை சுமார் 3 டன். 3000 ஆர்.பி.எம்.மில் இது ஒரு சிலிண்டருக்கு நொடிக்கு 25 தடவை நடக்கிறது. அத்தனை தடவையும் ஹெட் அசையக் கூடாது, ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் அடைப்பாக இருக்கும் கேஸ்கெட் வழியாக வாயுவோ, இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட்டோ கசியக் கூடாது.

இதைத் தாங்குவது போல்ட்டின் நீட்சி. லாரியில் சுமையைக் கட்டும் கயிறு விறைத்து நிற்கும்வரைதான் சுமையைப் பிடிக்கும், தளர்ந்தால் அது வெறும் கயிறு. போல்ட்டும் அப்படியே. இறுக்கும்போது அது உண்மையிலேயே நீள்கிறது. பழைய நீளத்துக்குத் திரும்ப முயலும் அந்த இழுப்புதான் ஹெட்டையும் பிளாக்கையும் சேர்த்து அமுக்குகிறது. 10 மி.மீ. தடிமனும் 100 மி.மீ. நீளமும் உள்ள போல்ட் 3 டன் விசையில் இழுபட்டால் சுமார் கால் மில்லிமீட்டர் நீளும். ஓர் இன்ஜினின் ஆயுள் அந்தக் கால் மில்லிமீட்டரில் நிற்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

சிக்கல் என்னவென்றால், அந்த நீட்சியை நாம் நேரடியாக அளப்பதில்லை. ஸ்பேனரைச் சுற்ற எவ்வளவு பலம் வேண்டியிருக்கிறது என்பதைத்தான் கையும் உணர்கிறது, இறுக்கும் பலத்தைக் காட்டும் ஸ்பேனரான டார்க் ரெஞ்சும் அளக்கிறது. அந்த பலத்தில் ஏறக்குறைய பாதி போல்ட் தலைக்கு அடியில் நடக்கும் உராய்வுக்குப் போய்விடும். இன்னும் 40 சதவீதம் மரையில் நடக்கும் உராய்வுக்கு. மீதி இருக்கும் பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை நீட்டுகிறது. ஆகவே உராய்வு கொஞ்சம் மாறினாலும் நீட்சி நிறைய மாறும்.

உலர்ந்த மரைக்கென்று இன்ஜின் கையேட்டில் 60 நியூட்டன் மீட்டர் (திருப்பும் பலத்தின் அளவு) கொடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த இறுக்கத்தில் நமது போல்ட் 3 டன் பிடிக்கும். அதே மரையில் எண்ணெய் தடவி அதே 60 வைத்தால் பிடிப்பு 4 டன்னைத் தாண்டிவிடலாம். தலையில் 8.8 என்று வலிமைத் தரம் பொறித்த போல்ட்டுக்கு 4 டன் வருவதற்குள்ளேயே தாங்கும் எல்லை முடிந்துவிடும். அதற்கு மேல் அது நிரந்தரமாக நீளத் தொடங்கும். எண்ணெய் தடவிப் போடச் சொன்ன போல்ட்டை உலர்வாகவோ, மரையில் துருவும் மண்ணுமாகவோ போட்டால் விஷயம் தலைகீழ். ரெஞ்ச் ‘டிக்’ என்று சொல்லும், கை கனக்கும், ஆனால் போல்ட் வேண்டிய அளவு நீண்டிருக்காது. கையேட்டில் எண்ணோடு எண்ணெயைப் பற்றியும் ஒரு வரி இருக்கும். தயவுசெய்து அதையும் படியுங்கள்.

எண்ணெய் வேண்டும் என்றாலும் மரையில் மெல்லிய பூச்சுதான். பிளாக்கில் இருக்கும் துளை அடி மூடியது. அதில் எண்ணெயோ தண்ணீரோ தேங்கியிருந்தால், இறங்கும் போல்ட் அதை அமுக்கும். திரவம் சுருங்காது, வார்ப்பிரும்பு விரிசல் விடும். துணியாலும் காற்றாலும் துளையைச் சுத்தம் செய்துவிட்டு இறக்குவது ஐந்து நிமிட வேலை.

உராய்வின் இந்த ஏமாற்றைத் தாண்டத்தான் இப்போதைய பல இன்ஜின்களில் கோணக் கணக்கு வந்தது. முதலில் குறைந்த அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கி, அப்புறம் 90 பாகை, மறுபடியும் 90 பாகை என்று திருப்பச் சொல்வார்கள். மரை இடைவெளி 1.5 மி.மீ. என்றால் கால் சுற்றுக்கு போல்ட் 0.375 மி.மீ. முன்னேறியே ஆக வேண்டும், எண்ணெய் இருந்தாலும் இல்லாவிட்டாலும். அந்த முன்னேற்றத்தில் ஒரு பங்கு கேஸ்கெட்டும் ஹெட்டும் அமுங்குவதில் போகும், மீதி போல்ட்டின் நீட்சி. வேண்டுமென்றே எல்லையைச் சற்றுத் தாண்டி இழுக்கிறார்கள். அங்கே விசை ஏறுவது மட்டுப்பட்டுவிடுவதால், கோணம் இரண்டு மூன்று பாகை முன்பின் ஆனாலும் எல்லா போல்ட்டும் ஏறக்குறைய ஒரே பிடிப்பில் நிற்கும். அருமையான யோசனை! ஒரே நிபந்தனை, கழற்றினால் அந்த போல்ட்டுகளைத் திரும்பப் போடக் கூடாது. அவை ஏற்கெனவே நீண்டுவிட்டவை.

போல்ட்டுகளை இறுக்கும் வரிசை நடுவிலிருந்து வெளியே, இரண்டு மூன்று தவணையாக. ஒரு போல்ட்டை இறுக்கும்போது கேஸ்கெட் அமுங்கி, முன்பு இறுக்கிய பக்கத்து போல்ட் கொஞ்சம் தளரும், அதற்குத்தான் தவணை. இன்ஜின் ஆறியிருக்க வேண்டும் என்பதற்கும் காரணம் உண்டு. சூட்டில் அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அலுமினிய ஹெட் விரிந்து போல்ட்டைத் தானே இன்னும் இழுக்கும். கையேட்டின் எண் அதையும் சேர்த்தே போட்ட கணக்கு.

ஹெட்டைக் கழற்றுவது எல்லார் வீட்டு வாசலிலும் ஆகிற வேலை இல்லை. ஹெட்டின் மேல் இருக்கும் மூடியான வால்வு கவரைக் கழற்றுவது ஆகும். அந்தச் சின்ன 6 மி.மீ. போல்ட்டுகளுக்கு வேண்டியது பொதுவாக 10 நியூட்டன் மீட்டர்தான். 25 செ.மீ. ஸ்பேனரின் நுனியில் 20 கிலோ அழுத்தம் கொடுத்தால் 50 ஆகிவிடும், ஐந்து மடங்கு. கவர் ஓரத்தில் எண்ணெய் கசிவதைப் பார்த்து, ‘இன்னும் கொஞ்சம் டைட் வையுங்கண்ணா’ என்று பக்கத்தில் நிற்பவர் சொல்வார். அந்த இன்னும் கொஞ்சத்தில்தான் அலுமினியத்தின் மரை உரிந்து போல்ட்டோடு வெளியே வரும். பிறகு லேத் பட்டறைதான். கசிவு நிற்காவிட்டால் ரப்பர் கேஸ்கெட்டை மாற்றுங்கள், போல்ட்டை விட்டுவிடுங்கள்.

இரும்பாலையில் எவர்சில்வர் தகடு உருட்டும் ஊர் நம்முடைய சேலம். எவர்சில்வர் மீது நமக்குப் பிரியம் அதிகம். துருப்பிடித்த இன்ஜின் போல்ட்டை எடுத்துவிட்டு, பளபளவென்று எவர்சில்வர் போல்ட் போடலாமே என்று தோன்றும். கடையில் சாதாரணமாகக் கிடைப்பதன் தலையில் ஏ2-70 என்றிருக்கும். 8.8 போல்ட் சதுர மில்லிமீட்டருக்கு 640 நியூட்டன் வரை தாங்கிவிட்டுப் பழைய நீளத்துக்குத் திரும்பும். ஏ2-70க்கு அந்த எல்லை 450தான். போதாததற்கு எவர்சில்வரும் எவர்சில்வரும் உரசினால் மரை ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்து, முன்னும் போகாமல் பின்னும் வராமல் நின்றுவிடும். நம்பர் பிளேட்டுக்கு எவர்சில்வர் போடுங்கள். இன்ஜினில் பழைய போல்ட்டின் தலையில் என்ன எண் இருந்ததோ அதே எண், அதே நீளம், அதே மரை. தலையில் எண்ணே இல்லாத போல்ட்டைக் கடைக்காரர் நீட்டினால் வேறு கடைக்குப் போங்கள்.