டீரெய்லர்: தடம்புரட்டியா, தடமாற்றியா?

'டிரெய்லர் சரியில்லை' என்று சொன்னால், கேட்பவர் ஏதோ புதுப்படத்தின் முன்னோட்டம் என்று நினைப்பார். இல்லாவிட்டால் லாரி பின்னால் இழுத்துப்போகும் வண்டி. நான் சொல்வது மூன்றாவது ஒன்று. கியர் சைக்கிளின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டு, செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து அடுத்ததற்குக் கொண்டுபோகும் கருவி. குழப்பம் வேண்டாம் என்றுதான் இங்கே 'டீரெய்லர்' என்று நீட்டி எழுதுகிறேன்.

சொல் பிரெஞ்சு. அங்கே ஏறத்தாழ 'தெராயர்' என்று ஒலிக்கும். நடுவில் இருக்கும் 'ராய்' தண்டவாளம். முன்னால் இருக்கும் 'தெ' விலக்கத்தைக் குறிக்கும் முன்னொட்டு. கடைசியில் வருவது, ஒரு செயலைச் செய்வதற்குப் பெயர் தரும் விகுதி. ஆக, தடத்திலிருந்து இறக்கிவிடுவது.

அந்த 'ராய்' வந்த வழி வேடிக்கையானது. லத்தீனில் 'ரெகுலா' என்றால் நேரான குச்சி, அளவுகோல். அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், வேலிக்கும் மாடிப்படிக்கும் போடும் சட்டத்தைக் குறிக்கும் 'ரெயில்' ஆனது. 19ஆம் நூற்றாண்டில் இருப்புப்பாதை வந்ததும், பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் பழைய சொல்லையே ஆங்கிலத்திலிருந்து திரும்ப வாங்கினார்கள். ரயில் தடம்புரண்டால் சொல்ல ஒரு வினையை அதிலிருந்து செய்தார்கள். அந்த வினையிலிருந்து சைக்கிள் கருவிக்குப் பெயர் வந்தது. பெயர் மறுபடி ஆங்கிலத்துக்கு ஏறியது. யார் யாருக்குக் கடன்பட்டவர் என்று இதில் கணக்குப் பார்க்க முடியாது.

மற்ற மொழிக்காரர்கள் எல்லாரும் இந்த விபத்துச் சொல்லை எடுத்துக்கொள்ளவில்லை. இத்தாலியில் 'காம்பியோ', அதாவது மாற்றம், அவ்வளவுதான். பிரிட்டனில் 'மெக்கானிசம்' என்பதை 'மெக்' என்று சுருக்கிவிட்டார்கள். ஜெர்மனியில் பின்னால் இருப்பதற்கு 'ஷால்ட்வெர்க்', மாற்றும் பொறி. முன்னால், பெடல் பக்கத்தில் இருக்கும் இன்னொரு டீரெய்லருக்கு 'ஊம்வெர்ஃபர்', கவிழ்த்துப்போடுவது. இந்த ஜெர்மன் பிரிவினையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

தமிழில் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'தடம்புரட்டி'. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு பழைய டீரெய்லரைக் கையால் மாட்டிப் பார்க்கும்வரை எனக்கும் அதில் குறை தெரியவில்லை.

மாட்டும் வேலை ஃப்ரேமில் தொடங்குகிறது. பின்சக்கரத்தின் அச்சு உட்காரும் இடத்துக்குக் கீழே காது மாதிரி ஒரு நீட்சி இருக்கும். அதில் 10 மி.மீ. மரையுள்ள துளை. காது இல்லாத ஃப்ரேம் என்றால், அச்சோடு சேர்த்து முடுக்கும் தனித்தகடு வேண்டும். போல்ட்டில் கொஞ்சம் கிரீஸ் தடவி முதல் சில சுற்றுகளைக் கையாலேயே திருக வேண்டும். கருவியைச் சற்றுப் பின்னால் சாய்த்துப் பிடித்தால்தான் அதன் தடுப்பு, காதிலுள்ள வெட்டுக்குப் பின்னால் போய் உட்காரும். ஸ்பானரை முதலிலேயே எடுத்தால் மரை போய்விடும். அப்புறம் அழுது பயனில்லை.

அடுத்தது இரண்டு சின்ன ஸ்க்ரூக்கள். கருவி இரண்டு பக்கமும் எவ்வளவு தூரம் போகலாம் என்று எல்லை வைப்பவை. பல பழைய மாடல்களில் எது எது என்று எழுத்தே இருக்காது; அரைச் சுற்றுத் திருகி, எந்தப் பக்கம் அசைகிறது என்று பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கேபிளை மாட்டாமல், செயினைச் சிறிய பல்சக்கரத்தில் விட்டு, பின்னாலிருந்து குனிந்து பார்க்க வேண்டும். டீரெய்லரில் இரண்டு குட்டிச் சக்கரங்கள் உண்டு. மேலே இருப்பது சிறிய பல்சக்கரத்துக்கு நேர் கீழே நிற்கும்வரை ஒரு ஸ்க்ரூ. பிறகு பெடலைக் கையால் சுற்றிக்கொண்டே கருவியை உள்பக்கம் தள்ளி, பெரிய பல்சக்கரத்துக்கு நேர் கீழே நிற்க இன்னொரு ஸ்க்ரூ. இந்த இரண்டாவதை நான் ஒருமுறை அரைகுறையாக விட்டேன். ஏற்றத்தில் கியர் லீவரை இழுத்ததும் செயின் பெரிய பல்சக்கரத்தையும் தாண்டி ஸ்போக்ஸ் கம்பிகளுக்குள் விழுந்து, சக்கரம் அப்படியே நின்றுவிட்டது. அன்றைக்கு நடந்ததுதான் அசல் தடம்புரளல். அதைத் தடுக்கத்தான் அந்த இரண்டு ஸ்க்ரூக்களும் இருக்கின்றன.

கருவி ஒழுங்காக வேலை செய்யும்போது செயின் எங்கேயும் விழுவதில்லை. ஒரு தடத்திலிருந்து பக்கத்துத் தடத்துக்கு ஏறுகிறது. ஸ்டேஷனுக்கு வெளியே ரயிலை வேறு பாதைக்குத் திருப்பிவிடுகிறார்களே, அது மாதிரி. அதனால் என் ஓட்டு 'தடமாற்றி'க்கு. மின்மாற்றி ஏற்கெனவே தெருமுனையில் நிற்பதால், இந்தச் சொல் காதுக்கும் அந்நியமாக இல்லை. 'சங்கிலி மாற்றி' என்றும் சொல்லலாம்தான். ஆனால் பழைய செயினைக் கழற்றிப் புதிது போடும் ஆள் என்று தோன்றுகிறது. 'கியர் மாற்றி' என்றால் கை போவது லீவருக்கு.

இந்த மாற்றம் எவ்வளவு பெரிய சௌகரியம் என்பது அது இல்லாத காலத்தைப் பார்த்தால் புரியும். டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் டீரெய்லரை 1937இல்தான் அனுமதித்தார்கள். அதற்கு முன் ஏற்றம் வந்தால் வீரர்கள் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றி, மறுபக்கம் இருக்கும் பல்சக்கரம் செயினுக்கு வருமாறு திருப்பி மாட்டுவார்கள். 1950களின் தொடக்கத்தில் இத்தாலிய நிறுவனமான காம்பன்யோலோவின் 'கிரான் ஸ்போர்ட்' டீரெய்லர் வந்தது. நான்கு கீல்களில் மடங்கும் இணைகரம்தான் அதன் உடம்பு. இன்றைய டீரெய்லர்களிலும் அந்த வடிவம் இருக்கிறது. 1964இல் ஜப்பானின் சன்டூர் நிறுவனம் அந்த இணைகரத்தைச் சாய்த்து வைத்தது. மேல் குட்டிச் சக்கரம் ஒவ்வொரு பல்சக்கரத்துக்கும் ஏறக்குறைய ஒரே இடைவெளியில் போக ஆரம்பித்தது.

பழைய லீவர்களில் 'கிளிக்' கிடையாது. கொஞ்சம் அதிகமாக இழுத்து, செயின் ஏறியதும் ஒரு மயிரிழை திருப்பி விட வேண்டும். கரகர சத்தம் அடங்கினால் சரி.

இனி அந்த ஜெர்மன் பிரிவினை. பெடல் பக்கத்தில் இருக்கும் முன் டீரெய்லரில் குட்டிச் சக்கரமும் இல்லை, செயினை வழிநடத்தும் நாசூக்கும் இல்லை. இரண்டு தகடுகள் செயினை விலாவில் இடித்துத் தள்ளும். அது விழுந்த இடத்தில் பல் பிடித்துக்கொள்ளும். அதற்கு வேண்டுமானால் 'தடம்புரட்டி' என்றே பெயர் வைக்கலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை.