குதிரைமசால்: மாடு தின்றது போக விதைக்கு என்ன மிச்சம்?

தீவனப் பயிர்களில் புது ரகம் உருவாக்குவது என் வேலை. வயலுக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "ஏக்கருக்கு எத்தனை டன் வரும்?" குதிரைமசால் என்ற தீவனப் பயிருக்கு அதைவிட முக்கியமான கேள்விகள் இரண்டு: இலை எவ்வளவு, விதை எவ்வளவு?

இலைக் கதை எளிது. புரதத்தில் பெரும்பங்கு இலையில்தான் இருக்கிறது. தண்டு தடித்த செடி தராசில் எடை காட்டும். மாடு அந்தத் தண்டைக் கழித்துப் போட்டுவிடும். அதனால் ஒரு பிடி அறுத்து, இலையை உருவித் தனியே உலர்த்தி நிறுத்த பிறகே ஒரு செடியைத் தேர்வு செய்கிறோம்.

விதைதான் பெரும்பாடு. பூக்கத் தொடங்கும்போதே அறுத்துவிடுகிற பயிர் இது. விட்டுவைத்தாலும் லேசில் காய் பிடிக்காது. பூவின் அடியிதழை நக நுனியால் அழுத்திப் பாருங்கள்: உள்ளே மடங்கிக் கிடக்கும் மகரந்தத் தண்டு சட்டென்று துள்ளி மேலிதழில் அடிக்கும். அது துள்ளினால்தான் காய் நன்றாகப் பிடிக்கும். தலையில் இரண்டு முறை அடி வாங்கிய தேனீ, அப்புறம் பக்கவாட்டில் நாக்கை நுழைத்துத் தேனை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடும். சளைக்காமல் பூவைத் திறப்பவை இலைவெட்டித் தேனீக்கள். விதைக்கு விட்ட பாத்தியில் பூக்கும் சமயம் தயவுசெய்து பூச்சிமருந்து அடிக்காதீர்கள்.

நெல்லைப் போல ஒரே செடியைப் பெருக்கி இதில் ரகம் எடுக்கவும் முடியாது. தன் மகரந்தத்திலேயே விதை பிடித்தால் தலைமுறைக்குத் தலைமுறை வீரியம் குன்றும். தேர்ந்த தாய்ச்செடிகள் பலவற்றைத் தனித்திடலில் ஒன்றோடொன்று கலக்கவிட்டு எடுக்கிற விதையே ரகம். பக்கத்து வயலில் வேறு குதிரைமசால் பூத்தால் அந்த ரகம் கலந்துபோகும்.

இத்தனை பாடுபட்டுக் கிடைக்கும் விதை விலை கூடுதலாகத்தான் இருக்கும். அதனால் சான்று அட்டை இல்லாத மலிவு விதையை வாங்கிவிடுகிறார்கள். அப்படி விதைத்த ஒரு வயலைப் பார்த்தேன். பச்சைக்கு மேல் மஞ்சள் நூலை இறைத்தாற்போல், அந்த விதையோடு கலந்து வந்த கஸ்கூட்டா என்ற ஒட்டுண்ணிக் கொடி படர்ந்திருந்தது. மண்ணில் அதற்கு வேர் கிடையாது. குதிரைமசாலின் தண்டைத் துளைத்துச் சாறு உறிஞ்சியே வாழ்கிறது. அந்தக் கொடியின் விதையோ பத்து வருடத்துக்கு மேலும் மண்ணில் உயிரோடு கிடக்கும்.

கண்ணில் பட்டால், பூக்கும் முன்பே சுற்றிலும் சில அடி சேர்த்து அறுத்து அங்கேயே எரித்துவிடுங்கள். விதை பிடித்துவிட்ட கொடியை மாட்டுக்குப் போடவே போடாதீர்கள். மாட்டின் வயிற்றிலும் சாகாத அந்த விதை, சாணத்தோடு அடுத்த வயலுக்குப் போய்விடும்.