காற்றாலையிடம் யார் கேட்கலாம், யார் சொல்லலாம்?

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி போகிற பஸ் ஆரல்வாய்மொழியை நெருங்கியதும் கண்ணுக்கெட்டிய தூரம்வரை காற்றாலைகள்தான். தென்மேற்குப் பருவக்காற்று மலைக் கணவாய் வழியாக நெருக்கியடித்துக்கொண்டு வருவதால் முப்பந்தலுக்கு வாய்த்த யோகம் இது. ஒவ்வொரு கோபுரமும் மின்சாரத்தோடு கூடவே எண்களையும் உற்பத்தி செய்துகொண்டிருக்கிறது: காற்றின் வேகம், கியர்பாக்ஸ் எண்ணெயின் சூடு, அந்த நொடியில் வரும் கிலோவாட்.

இந்த எண்களுக்குப் பங்காளிகள் அதிகம். தமிழ்நாட்டுக் காற்றாலைகளில் கணிசமானவை நூற்பாலைகளுக்குச் சொந்தம். கோயம்புத்தூரில் இருக்கும் மில்காரருக்கு இன்றைய உற்பத்தி தெரிய வேண்டும். பராமரிப்பு கம்பெனிக்கு எண்ணெய்ச் சூடு வேண்டும். மின்கட்டமைப்பை நடத்துபவர்கள் ஒரு நாளை 15 நிமிடத் துண்டுகளாக, 96 ஆகப் பிரித்துத் திட்டமிடுகிறார்கள்; அவர்களுக்கும் காற்றாலைக் கணக்கு வேண்டும்.

எண்கள் இருப்பது கோபுரத்தில் உள்ள கட்டுப்பாட்டுக் கணினியில். போஸ்ட் ஆபீஸில் எண் போட்ட பெட்டிகள் போல அதற்குள் வரிசையாக ரிஜிஸ்டர்கள். அவற்றைப் படிக்க இன்றும் பரவலாகப் பயன்படுவது மோட்பஸ் என்ற நெறிமுறை, அதாவது கருவிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் விதி. 1979-இல் மோடிகான் நிறுவனம் கொண்டுவந்தது. 'இத்தனாவது ரிஜிஸ்டரில் என்ன இருக்கிறது?' என்று கேட்டால் 0 முதல் 65535-க்குள் ஒரு எண் வரும். அவ்வளவுதான். 87 என்று வந்தால் அது நொடிக்கு 8.7 மீட்டர் வேகமா, 87 டிகிரி சூடா என்று மோட்பஸ் சொல்லாது. தயாரிப்பாளர் தந்த அட்டவணையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

தசம எண் என்றால் வம்பு இன்னும் கூடும். அதற்கு ஒரு ரிஜிஸ்டர் போதாது, இரண்டு வேண்டும். 1500.0 கிலோவாட் என்பது 17595, 32768 என்று இரண்டு துண்டாக வரும். எந்தத் துண்டு முதலில் என்பதில் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபாடு உண்டு. மாற்றி ஒட்டினால் கிடைப்பது கிட்டத்தட்ட பூஜ்யம்! முழு வேகத்தில் ஓடும் இயந்திரம் திரையில் நின்றுபோனதாகத் தெரியும். கம்பியில் ஒரு பழுதும் இருக்காது.

அடுத்த சிக்கல் நெரிசல். பழைய தொடர்வரிசைக் கம்பியில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். இருவர் ஒன்றாகக் கேட்டால் இரண்டு கேள்வியும் கெடும். அதனால் நடுவில் ஒரு சர்வரை வைக்கிறார்கள். அது மட்டும் இயந்திரங்களைக் கேட்கும், மற்றவர்கள் எல்லாம் அதைக் கேட்பார்கள். இதற்கான பொது ஏற்பாடாக 1996-இல் ஓ.பி.சி. (OPC) என்ற தரநிலை வந்தது. விண்டோஸை நம்பியிருந்த அதன் பழைய வடிவத்தை நெட்வொர்க்கில் ஓட வைப்பது பெரும்பாடு. பின்னால் வந்த ஓ.பி.சி. யு.ஏ. எந்தக் கணினியிலும் ஓடும், அலகு என்ன என்பதையும் சேர்த்தே சொல்ல வல்லது. கேட்டுக்கொண்டே இருக்கவும் வேண்டாம்: சந்தா போட்டுவிட்டால், சொன்ன அளவுக்கு மேல் மாறினால் மட்டும் தகவல் வரும். எண்ணெய்ச் சூடு 61.2-லிருந்து 61.3 ஆனதை யாருக்குச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

என் கணக்கில் ஓ.பி.சி.யின் நல்ல காரியம், எண்ணோடு நேரத்தையும் தரத்தையும் சேர்த்து அனுப்புவதுதான். காற்றுமானியோடு இருக்கும் தொடர்பு அறுந்துபோனால் திரையில் கடைசியாக வந்த 8.7 அப்படியே நின்றுவிடலாம். பார்ப்பவர் காற்று வீசுவதாகவே நினைப்பார். பழைய ஓ.பி.சி.யில் தரக்குறி 192 என்றால் நம்பலாம். அது மாறிவிட்டால் அந்த 8.7-ஐக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

சரி, படிப்பது போகட்டும். எழுதுவது? மோட்பஸில் ரிஜிஸ்டரை மாற்றவும் கட்டளை உண்டு, அதன் மூல வடிவத்தில் கடவுச்சொல் கிடையாது. நெட்வொர்க்குக்குள் வந்தவர் யாராக இருந்தாலும் இயந்திரம் கேள்வி கேட்காமல் கீழ்ப்படியும். இப்படி உள்ளே வந்தவர்கள் என்ன செய்ய முடியும் என்பதை உக்ரைன் 2015 டிசம்பரில் பார்த்தது: மின்வினியோக நிறுவனங்களின் கட்டுப்பாட்டுக் கணினிகளுக்குள் புகுந்தவர்கள், மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர்களைத் திறந்துவிட, சுமார் 2.25 லட்சம் வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் போனது.

ஆகவே பலரும் பார்க்கும் சர்வரையும் இயந்திரங்களின் நெட்வொர்க்கையும் தனித்தனியே பிரித்து, நடுவில் ஃபயர்வால் வைப்பது வழக்கம். இன்னும் கறாராக இருக்க நினைப்பவர்கள் ஒருவழிக் கருவியை வைக்கிறார்கள். இயந்திரப் பக்கம் ஒளியை அனுப்பும் பாகம் மட்டும், வெளிப் பக்கம் ஒளியை வாங்கும் பாகம் மட்டும். எதிர்த்திசையில் ஒரு பிட்கூடப் போக வழியே கிடையாது. அப்படி வைத்த இடத்தில் மில்காரர் கோயம்புத்தூரிலிருந்து எண்களைப் பார்க்கலாம். காற்றாலையை நிறுத்த வேண்டுமென்றால் முப்பந்தலில் இருக்கும் ஆளுக்கு போன்தான் போட வேண்டும்.