நாலு சீட்டு, ஒரு ஜோக்கர்: குறிப்பெடுக்கப் பழக்கிய கதை

"சார், இதை நோட்ல எழுதணுமா?"

பத்தாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிற யாரும் இந்தக் கேள்வியைத் தினமும் நாலு தடவையாவது கேட்டிருப்பார்கள். முன்பெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். இப்போது அந்தப் பிள்ளை மேல் தப்பே இல்லை என்றுதான் தோன்றுகிறது. எதை எழுதுவது, எதை விடுவது என்பதை அவன் தானே முடிவு செய்யலாம் என்று பத்து வருடப் படிப்பில் யாருமே அவனிடம் சொன்னதில்லை. நம் ஊரில் 'நோட்ஸ்' என்றால் ஆசிரியர் சொல்லச் சொல்ல எழுதும் வினா விடை, இல்லாவிட்டால் கரும்பலகையைப் பார்த்து எழுதுவது. மாதக் கடைசியில் சிவப்பு மையில் ஒரு டிக், கீழே கையெழுத்து, தேதி. நானும் பல வருடம் அப்படித்தான் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் வேலூர்ப் புரட்சி பாடம், ஆங்கிலேயரிடம் வேலை பார்த்த சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த கதை. "நான் எதுவும் எழுதிப் போட மாட்டேன், நீங்களே குறிப்பெடுங்க" என்று சொல்லிவிட்டு, கதை போல முழுவதையும் சொன்னேன். முடிந்ததும் நோட்டுகளை வாங்கிப் பார்த்தேன். கடைசி பெஞ்சு மாணவன் ஒருவன் எழுதியிருந்தது இது: "இன்று நாம் வேலூர்ப் புரட்சியைப் பற்றிப் பார்ப்போம். 1806ஆம் ஆண்டு சூலை மாதம் 10ஆம் நாள் அதிகாலையில் வேலூர்க் கோட்டையில் இருந்த". அவ்வளவுதான். அவன் 'இருந்த' எழுதி முடிப்பதற்குள் நான் புரட்சியை அடக்க ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லஸ்பியைக் குதிரையில் கூட்டி வந்திருந்தேன். நான் ஒரு நிமிடம் பேசுவதை அப்படியே எழுத அவனுக்கு ஐந்தாறு நிமிடம் வேண்டும். ஆனாலும் அப்படியே எழுதத்தான் அவன் பழகியிருக்கிறான். பின்தங்கியதும் பேனாவை மூடி வைத்துவிட்டான்.

கல்லூரிக்குப் போனால் அங்கே யாரும் மெதுவாகச் சொல்லி எழுத வைக்கப் போவதில்லை, அதுவும் பாதிக்கு மேல் ஆங்கிலத்தில் ஓடும். முதல் செமஸ்டரில் நம் பிள்ளைகள் தடுமாறுவதற்கு மொழி ஒரு காரணம். குறிப்பெடுக்கத் தெரியாதது இன்னொரு காரணம், அதை நாம் பேசுவதே இல்லை.

அறிவுரை சொல்லிப் பார்த்தேன். "முக்கியமானதை மட்டும் எழுதுங்கடா" என்றால், "எது சார் முக்கியம்?" என்கிறார்கள். நியாயமான கேள்வி. இடம் தாராளமாக இருக்கும்வரை எல்லாமே முக்கியம்தான். பேருந்துப் பயணத்துக்குப் பெரிய பெட்டி கிடைத்தால் வீட்டையே அடைத்துவிடுவோம். மஞ்சள் பை ஒன்றுதான் என்றால் எது வேண்டும் என்று தானாகவே தெரிந்துவிடும். அதனால் நோட்டை எடுத்து உள்ளே வைக்கச் சொல்லிவிட்டு, ஆளுக்கு ஐந்து சீட்டு கொடுத்தேன். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகளைக் கால் பாகமாக வெட்டிய சீட்டுகள்.

ஆட்டம் இதுதான். நான் ஏழெட்டு நிமிடம் பாடம் சொல்வேன். நாலு சீட்டின் மூலையில் நாலு தலைப்பு: யார், எங்கே எப்போது, ஏன், பிறகு என்ன. ஒரு சீட்டில் எட்டுச் சொல்லுக்கு மேல் கூடாது. படம், அம்புக்குறி எல்லாம் இலவசம், கணக்கில் வராது. ஐந்தாவது ஜோக்கர். அதில் புரியாதது ஏதாவது ஒன்றைக் கேள்வியாக எழுத வேண்டும். ஜோக்கரை வெறுமையாக வைத்திருந்தால் அரை மதிப்பெண் குறையும். கேள்வியே வராதவன் கவனிக்கவில்லை என்பது என் கட்சி. இதில் என்னோடு சண்டை போடும் சக ஆசிரியர்கள் உண்டு.

அடுத்து நாலு பேர் ஒரு குழு. ஜோக்கரைத் தனியே வைத்துவிட்டால் பதினாறு சீட்டு மிஞ்சும். அதை எட்டாகக் குறைக்க வேண்டும். அந்த எட்டும் பக்கத்துக் குழுவுக்குப் போகும். அவர்கள் அந்தச் சீட்டுகளை மட்டும் பார்த்து என்னுடைய ஐந்து கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். பதில் வந்தால், சீட்டு எழுதிய குழுவுக்குப் புள்ளி.

முதல் நாள் இந்த இடத்தில்தான் சொதப்பியது. எழுதியவனுக்குத்தான் புள்ளி என்றதும், பதில் சொல்ல வேண்டிய குழு, "ஒண்ணுமே புரியல சார்" என்று ஒரே குரலில் சொல்லிவிட்டது. சீட்டில் '1806 சூலை 10' என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது, எந்த ஆண்டு என்று தெரியவில்லையாம்! ராஜா ராணி போலீஸ் திருடன் ஆடி வளர்ந்த கூட்டம், ஓட்டையை நொடியில் கண்டுபிடித்துவிடும். மறுநாளிலிருந்து பதில் வந்தால் இரண்டு குழுவுக்கும் புள்ளி என்று மாற்றினேன். அதோடு நாடகம் நின்றது.

பதினாறை எட்டாக்கும் அந்தப் பத்து நிமிடம்தான் எனக்கு இந்த ஆட்டத்தில் மிகவும் பிடித்த பகுதி. சத்தம் காதைக் கிழிக்கும். ஒரு குழுவில் மூன்று பேர் அதே தேதியை எழுதியிருந்தார்கள், இரண்டு சீட்டு உடனே போயிற்று. அடுத்த சண்டை பெரியது. 'திப்பு குடும்பம் கோட்டைக்குள்ளே' என்ற சீட்டு 'ஏன்' தலைப்பில் வருமா, வராதா? (திப்பு சுல்தான் இறந்தபின் அவர் குடும்பத்தை ஆங்கிலேயர் அந்தக் கோட்டையில்தான் வைத்திருந்தார்கள்.) ஒருத்தி சொன்னாள், சிப்பாய்களுக்குக் கோபம் வந்தது தலைப்பாகையாலும், நெற்றியில் குறி இடக்கூடாது, தாடி வைக்கக்கூடாது என்ற கட்டளையாலும்; அதுதான் காரணம், திப்பு குடும்பம் சும்மா அங்கே இருந்தது. எதிரே இருந்தவன் விடவில்லை. "அப்ப எதுக்குடி திப்பு மகன் பத்தே ஹைதரை ராஜான்னு சொல்லிப் புலிக் கொடி ஏத்துனாங்க?" வரலாற்று ஆய்வாளர்கள் சண்டை போடுகிற அதே கேள்வி. எந்த வினா விடை நோட்டும் இதைப் பத்தாம் வகுப்பில் கிளப்பியதில்லை.

சுருக்குவதிலும் ஆபத்து இருக்கிறது என்பதை ஒரு சீட்டு சொல்லிக் கொடுத்தது. புதிய தலைப்பாகையில் தோலாலான குஞ்சம் இருந்தது, அது எந்த விலங்கின் தோலோ என்று சிப்பாய்கள் கொதித்தார்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரு பிள்ளை 'தலைப்பாகை – தோல் – கோபம்' என்று எழுதினாள். மூன்றே சொல். எனக்கே பெருமையாக இருந்தது. பக்கத்துக் குழு எழுந்து நின்று பதில் சொன்னது: "புதுத் தலைப்பாகை கட்டுனதால சிப்பாய்களுக்குத் தோல் வியாதி வந்துருச்சு சார், அதனால கோபம்."

வகுப்பே உருண்டது. எழுதிய பிள்ளை மட்டும் சீட்டைத் திரும்ப வாங்கி, 'தோல்' என்பதற்கு முன்னால் 'விலங்கு' என்று சேர்த்தாள். குறிப்பில் எந்தச் சொல்லை விட்டால் பொருள் சரிகிறது என்பதை நான் ஒரு மணி நேரம் பேசியிருந்தாலும் இப்படிப் பதிந்திருக்காது.

இதில் என் கண்டுபிடிப்பு என்று ஒன்றும் பெரிதாக இல்லை. கார்னெல் பல்கலைக்கழகத்தில் வால்டர் பாக் என்பவர் 1950களிலேயே பக்கத்தைப் பிரித்துக் குறிப்பெடுக்கும் முறையைச் சொல்லிக் கொடுத்தார். இடப்பக்கம் ஒடுக்கமான பத்தியில் கேள்வியும் குறிச்சொல்லும், வலப்பக்கம் குறிப்பு, அடியில் இரண்டு வரிச் சுருக்கம். என் சீட்டுகளும் அங்கேதான் போய்ச் சேருகின்றன. நாலைந்து வாரம் ஆடியபின் சீட்டை நிறுத்திவிட்டு நோட்டை எடுக்கச் சொல்கிறேன். மூலைத் தலைப்புகள் இடப்பத்திக்குப் போகும், எட்டுச் சொல் வலப்பத்திக்கு, ஜோக்கர் அடியில். சீட்டோடு நின்றுவிட்டால் அது வெறும் விளையாட்டுதான். நோட்டுக்கு மாற்றும் வாரம் கொஞ்சம் சலிப்பாக இருக்கும், அதைத் தாண்டியாக வேண்டும்.

2014இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. மடிக்கணினியில் குறிப்பெடுத்தவர்கள் பேச்சை அப்படியே தட்டெழுதினார்கள், கையால் எழுதியவர்களைவிடப் புரிதல் கேள்விகளில் பின்தங்கினார்கள் என்றது. பேனாவே சிறந்தது என்று அதை வைத்துப் பலர் முழங்கினார்கள். பின்னால் வேறு சிலர் அதே ஆய்வைத் திரும்பச் செய்தபோது வித்தியாசம் அவ்வளவு தெளிவாக வரவில்லை. பேனாவா கணினியா என்பதில் எனக்கு அக்கறை இல்லை. எங்கள் பள்ளியில் எல்லாரும் பேனாதான், ஆனாலும் அப்படியே எழுதும் நோய் இருக்கிறதே!

சீட்டுகளை ஆட்டம் முடிந்ததும் தூக்கிப் போடக் கூடாது. எபிங்காஸ் என்ற ஜெர்மானியர் தன்னையே சோதித்துப் பார்த்து 1885இல் எழுதியது இன்றைக்கும் நிற்கிறது: படித்ததில் பெரும்பகுதி முதல் ஒரு நாளுக்குள் நழுவுகிறது, பிறகு நழுவும் வேகம் குறைகிறது. அதனால் மறுநாள் வருகைப் பதிவு எடுத்ததும் ஐந்து நிமிடம், அடுத்த வாரம் ஐந்து நிமிடம், அதே சீட்டைக் கையில் கொடுத்துப் பாடத்தைச் சொல்லச் சொல்கிறேன். சீட்டைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு முதலில் நினைவிலிருந்து சொல்ல வேண்டும், தடுக்கினால்தான் புரட்டலாம். ஒரு வாரம் கழித்துத் தன் சீட்டே தனக்குப் புரியாமல் விழிப்பவனும் உண்டு. அடுத்த முறை அவன் எழுதும் விதம் மாறிவிடும்.

ஒரு விஷயம் முன்கூட்டியே தலைமையாசிரியரிடம் சொல்லிவிடுங்கள். நான் சொல்லவில்லை. இரண்டாம் நாள் வராந்தாவில் வந்தவர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "என்ன சார், வகுப்புல சீட்டுக் கச்சேரியா?" என்றார். ஆன்லைன் ரம்மியில் பணம் விட்ட குடும்பங்கள் இருக்கிற ஊரில் அவர் பதறியதில் தப்பில்லை. பெற்றோர் கூட்டத்திலும் ஒரு வார்த்தை சொல்லி வைத்தேன்.

கணக்குப் பாடத்துக்கு இது ஒத்து வரவில்லை, முயன்று பார்த்த சக ஆசிரியர் ஒரே வாரத்தில் விட்டுவிட்டார். எழுதச் சிரமப்படும் பிள்ளைகளை, படம் மட்டும் போடு என்று விட்டுவிடுவேன். கோட்டை, ஒரு குதிரை, நடுவில் ஓர் அம்பு, அம்பின் வாலில் 'ஆற்காடு' என்று ஒருவன் போட்ட சீட்டு அன்றைக்கு எல்லாக் குழுக்களையும் காப்பாற்றியது.

செலவு ஒன்றும் இல்லை. பளபளப்பான கல்யாணப் பத்திரிகையில் பேனா ஓடாது, சொரசொரப்பான அட்டையாகப் பார்த்து வீட்டிலிருந்து எடுத்து வரச் சொல்லுங்கள். பள்ளி திறந்த கையோடு, வைகாசி, ஆனி முகூர்த்தங்களிலேயே சேர்த்துக்கொள்வது நல்லது. ஆடி பிறந்துவிட்டால் ஒரு பத்திரிகை கிடைக்காது.