பழைய எஸ்.எஸ்.டி.யை ஃபார்மட் செய்யும் முன்

சென்ற மாதம் 18ஆம் தேதி காலையில் நான் என் கணினிப் பழுதுபார்ப்புக் கடையைத் திறக்க வந்தபோதே, மடிக்கணினிப் பையை மார்போடு அணைத்தபடி ஒருவர் படியில் உட்கார்ந்திருந்தார். அரிசி மண்டி, இரும்புக்கடை, மருந்துக்கடை என்று இருபத்தாறு சிறு வணிகர்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பவர். மாதாந்திர ஜி.எஸ்.டி. வரிக் கணக்கான ஜி.எஸ்.டி.ஆர்.-3பி படிவத்துக்கு 20ஆம் தேதிதான் கடைசி நாள். முந்தின இரவு அவருடைய அக்கா மகன், பொறியியல் படிக்கும் பையன், மடிக்கணினியில் காலியாக இருந்த இரண்டாவது இடத்தில் 1 டி.பி. எஸ்.எஸ்.டி. (சுழலும் தட்டு இல்லாத சேமிப்பு டிஸ்க்) ஒன்றைப் பொருத்தி, பழைய 256 ஜி.பி.யிலிருந்து விண்டோஸை அதற்கு மாற்றிக் கொடுத்திருக்கிறான். முன்பைவிட வேகமாகத் திறந்தது. முகப்பில் அதே முருகன் படம், அதே சின்னங்கள். எல்லாம் வந்துவிட்டது என்று மாமாவும் மருமகனும் மகிழ்ந்து, பழையதை அப்போதே ஃபார்மட் செய்துவிட்டார்கள். பிறகு டேலி என்னும் கணக்கு மென்பொருளைத் திறந்தபோது ஒரு நிறுவனத்தின் பெயர்கூட வரவில்லை. டி டிரைவ் இருந்தது. அதற்குள் ஒன்றும் இல்லை.

"ஃபார்மட்தானே சார் பண்ணியிருக்கான், சாஃப்ட்வேர் போட்டு எடுத்துடலாம்ல?" என்று அவர் கேட்டார். இதே கேள்வியை இந்த ஆண்டில் மட்டும் ஐந்து பேர் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து கேட்டுவிட்டார்கள். ஐவருக்கும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டியிருந்ததால்தான் இதை எழுதுகிறேன்.

ஹார்டு டிஸ்க் காலத்தில் அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் இருந்தது. சுழலும் காந்தத் தட்டில் க்விக் ஃபார்மட் கொடுத்தால், எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்னும் அட்டவணைதான் புதிதாக எழுதப்படும். கோப்புகளின் உள்ளடக்கம் தட்டிலேயே கிடக்கும். அதன்மேல் வேறு எதுவும் எழுதப்படாதவரை, பொறுமையாகத் தேடினால் பெரும்பகுதி கிடைத்துவிடும். நானே அப்படி எத்தனையோ திருமணப் படங்களை மீட்டுக் கொடுத்திருக்கிறேன்.

எஸ்.எஸ்.டி.யில் இது நடக்காது. அதன் ஃபிளாஷ் நினைவகத்தில் பழைய தரவின் மேலேயே புதியதை எழுத முடியாது. ஒரு தொகுதி முழுவதையும் அழித்த பிறகே அங்கே மறுபடி எழுத முடியும். அழிக்கும் வேலையை முன்கூட்டியே முடித்து வைத்திருந்தால்தான் வேகம் குறையாமல் இருக்கும் என்பதால், இன்னின்ன இடங்கள் இனி வேண்டாம் என்று விண்டோஸே எஸ்.எஸ்.டி.க்குத் தெரிவித்துவிடுகிறது. டிரிம் எனப்படும் இந்தக் கட்டளை 2009இல் வந்த விண்டோஸ் 7 முதல் இருந்துவருகிறது. ஒரு கோப்பை நிரந்தரமாக நீக்கினால் அந்தக் கோப்பின் இடத்துக்கு மட்டும் அது போகும். டிஸ்க்கின் ஒரு பகுதியான பார்ட்டிஷனை ஃபார்மட் செய்தால், க்விக் ஃபார்மட்டாகவே இருந்தாலும், மொத்த இடத்துக்கும் போகும். அதற்குப் பிறகு எந்த மென்பொருள் போய்க் கேட்டாலும், எஸ்.எஸ்.டி.யின் கட்டுப்பாட்டுச் சில்லு அங்கே ஒன்றுமில்லை என்றே விடை தரும். விலை கூடிய மென்பொருளை வாங்கினாலும் இந்த விடை மாறாது. தயவுசெய்து அதற்குப் பணம் செலவழிக்காதீர்கள். அவருடைய எஸ்.எஸ்.டி.யை என் கருவியில் மாட்டி, உள்ளே இருப்பதை எண்களாகக் காட்டும் திரையைத் திறந்து அவருக்கே காட்டினேன். முதல் சில வரிகளில் புதிய ஃபார்மட்டின் அடையாளங்கள் தெரிந்தன. அதற்குக் கீழே எவ்வளவு தூரம் நகர்த்தினாலும் வரிக்கு வரி பூஜ்யங்கள். அவர் சற்று நேரம் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் கீழ போங்க சார்" என்றார்.

அந்தப் பையன் எங்கே தவறினான் என்பதைச் சொல்கிறேன். விண்டோஸைப் புதிய டிஸ்க்குக்கு மாற்றும் மென்பொருள்களில் பொதுவாக இரண்டு வழிகள் இருக்கும். ஒன்று டிஸ்க் முழுவதையும் நகலெடுப்பது; மற்றொன்று இயங்குதளத்தை மட்டும் மாற்றுவது. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால், கணினியைத் துவக்கும் சிறிய பார்ட்டிஷன், சி டிரைவ், பழுதுபார்ப்புக்கான பார்ட்டிஷன் ஆகியவை மட்டுமே புதியதற்குப் போகும். டி டிரைவ் பழையதிலேயே நிற்கும். மென்பொருள் சொன்னபடியே செய்தது. மிஞ்சிய இடத்தில் பையன் புதிதாக ஒரு பார்ட்டிஷன் போட்டு அதற்கும் டி என்று பெயர் வைத்ததால், ஏதோ குறைகிறது என்ற ஐயமே இருவருக்கும் எழவில்லை.

இதில் என் தொழிலில் இருப்பவர்களுக்கும் பங்கு உண்டு. சி டிரைவில் எதையும் வைக்காதீர்கள், விண்டோஸ் கெட்டுப் போனால் எல்லாம் போய்விடும், டி டிரைவில் வையுங்கள் என்று வாடிக்கையாளர்களுக்குப் பல ஆண்டுகளாகச் சொல்லிக் கொடுத்தவர்கள் நாங்கள்தாம். அதனால்தான் நம் ஊரில் ஒருவருடைய டேலி கணக்கும், குழந்தையின் முதல் பிறந்தநாள் படங்களும், பத்திர நகல்களும் டி டிரைவிலேயே இருக்கின்றன. இரண்டும் ஒரே எஸ்.எஸ்.டி.யின் இரு பகுதிகள்தாம், எஸ்.எஸ்.டி. போனால் இரண்டும் சேர்ந்தே போகும் என்பதை நாங்கள் போதுமான அளவு சொல்லவில்லை.

குளோன் செய்வதையே, அதாவது டிஸ்க்கை அப்படியே நகலெடுப்பதையே, காப்பு நகல் எடுப்பதாக எண்ணிக்கொள்ளும் பழக்கத்தையும் விட வேண்டும். புதியது ஓடுகிறது என்று பழையதை அழித்த நிமிடத்திலிருந்து உங்களிடம் மீண்டும் ஒரே ஒரு பிரதிதான் இருக்கிறது. திசை மாறிப்போன கதைகளும் உண்டு. கணினியே இல்லாமல் ஒரு பொத்தானை அழுத்தி நகலெடுக்கும் இரட்டைத் துளை டாக் ஒன்றில், பழையதையும் புதியதையும் இடம் மாற்றிச் செருகி, புத்தம் புதிய காலி டிஸ்க்கை நிறைந்த டிஸ்க்கின் மேல் எழுதிவிட்ட ஒருவர் என்னிடம் வந்திருக்கிறார். அது ஹார்டு டிஸ்க்தான். ஆனாலும் மேலே எழுதப்பட்டுவிட்டதால் மீட்க வழியில்லை. ஆகவே எஸ்.எஸ்.டி. மாற்றும் எண்ணம் வந்தவுடன், திருப்புளியைத் தொடுவதற்கு முன்பாக, தனியான ஒரு யூ.எஸ்.பி. ஹார்டு டிஸ்க்கில் உங்கள் கோப்புகளைச் சாதாரணமாகக் காப்பி செய்து, அதை வேறொரு கணினியில் மாட்டி, நாலு கோப்புகளைத் திறந்து பார்த்துவிட்டு, கழற்றி அலமாரியில் வைத்துவிடுங்கள். பழைய டிஸ்க் ஏற்கெனவே முரண்டு பிடிக்கிறது, திணறுகிறது என்றால் குளோனிங்கைத் தொடங்கவே வேண்டாம். மணிக்கணக்கில் ஓடும் அந்த வேலையை அது தாங்காமல் போகலாம். முதலில் முக்கியமான கோப்புகளை மட்டும் வெளியே எடுங்கள்.

அடுத்தது பிட்லாக்கர், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி டிஸ்க்கைக் குறியாக்கம் செய்து பூட்டும் விண்டோஸ் வசதி. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து பயன்படுத்தும் விண்டோஸ் 11 மடிக்கணினிகள் பலவற்றில், ஹோம் பதிப்பிலும்கூட, உங்களைக் கேட்காமலேயே குறியாக்கம் நடந்திருக்கும். எஸ்.எஸ்.டி.யை மாற்றும்போதோ கணினியைத் துவக்கிவைக்கும் பயாஸ் அமைப்பைத் தொடும்போதோ நீலத் திரை ஒன்று வந்து 48 இலக்க மீட்புக் குறியீட்டைக் கேட்கக்கூடும். அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் பதிவாகியிருக்கும். வேலையைத் தொடங்கும் முன்பே அங்கே போய் அதைப் பார்த்துத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மாற்றம் முடியும்வரை குறியாக்கத்தை நிறுத்தி வையுங்கள். கணினியை வாங்கிய அன்று கடைக்காரர் தம்முடைய மின்னஞ்சலைப் போட்டுக் கணக்குத் தொடங்கிக் கொடுத்திருந்தால், அதை இன்றே உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அப்படித் தொடங்கிக் கொடுக்கும் சக தொழிலாளர்களையும் கேட்டுக்கொள்கிறேன்: வாடிக்கையாளரின் வீட்டுச் சாவியை நம் பையில் போட்டுக்கொள்ளும் வேலை அது, விட்டுவிடுங்கள்.

வாங்கும்போது, எம்.2 வடிவில் இருப்பவை எல்லாம் ஒன்றல்ல என்பதை நினைவில் கொள்ளுங்கள். சாட்டா, என்.வி.எம்.இ. என்னும் இரண்டு இணைப்பு வகைகளும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். ஒன்றை மட்டுமே ஏற்கும் மடிக்கணினிகள் உண்டு. 2280 என்றால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். 2242க்கான இடத்தில் அது நுழையாது. பின்மூடியைத் திறந்ததும் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். குளோன் ஓடும்போது சார்ஜர் மாட்டியே இருக்கட்டும்.

முடிந்ததும் செய்ய வேண்டிய சோதனை ஒன்றுதான், அதைத்தான் பலர் செய்வதில்லை. பழையதை முழுவதுமாகக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, புதியது மட்டும் இருக்கும் நிலையில் கணினியைத் துவக்குங்கள். இரண்டும் உள்ளே இருந்தால், திரையில் வந்திருக்கும் விண்டோஸ் எதிலிருந்து வந்தது என்று கண்ணால் சொல்ல முடியாது. துவக்கும் பார்ட்டிஷன் பழையதிலேயே தங்கியிருக்கவும்கூடும். தனியாகத் துவங்குகிறதா, சரி. பிறகு ஒவ்வொரு மென்பொருளையும் திறந்து, அதற்குள் உங்கள் தரவு இருக்கிறதா என்று பாருங்கள். பழையதை ஒரு மாதமாவது மேசை இழுப்பறையில் தொடாமல் வைத்திருங்கள். ஒரு மாதச் சுற்றில் கணக்கு, வங்கி, பள்ளிக் கட்டணம் என்று எல்லா வேலையும் ஒரு முறை வந்துவிடும். விடுபட்டது எது என்று அப்போது தெரியும்.

எல்லாவற்றையும் புதிதாக நிறுவிக்கொள்பவர்கள் உரிமத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. விண்டோஸ் 10, 11 ஆகியவற்றின் டிஜிட்டல் உரிமம் மதர்போர்டை அடையாளமாகக் கொண்டது, எஸ்.எஸ்.டி.யை மாற்றுவதால் அது போய்விடாது. நிறுவுவதற்கு 8 ஜி.பி. பென் டிரைவ் ஒன்று போதும். நிறுவும் நேரத்தில் பழைய டிஸ்க் உள்ளே இருக்கக் கூடாது.

இதைப் படிக்கும்போது ஏற்கெனவே ஃபார்மட் செய்துவிட்டீர்கள் என்றால், உடனே மின்சாரத்தைத் துண்டித்து டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள். மறுபடி மறுபடி மாட்டிப் பார்ப்பது, இணையத்தில் கிடைத்த மென்பொருளை ஓடவிடுவது இரண்டும் வேண்டாம். அது பழைய ஹார்டு டிஸ்க் என்றாலோ, டிரிம் கட்டளையைக் கடத்தாத பழைய யூ.எஸ்.பி. உறையில் (டிஸ்க்கை வெளியே வைத்து மாட்டும் பெட்டி) போட்டு ஃபார்மட் செய்யப்பட்ட எஸ்.எஸ்.டி. என்றாலோ இன்னும் வழி இருக்கலாம். எந்தக் கணினியில், எந்த உறையில், எப்போது என்று ஒரு தாளில் எழுதி, அந்த உறையையும் சேர்த்து, தெரிந்தவர் ஒருவரிடம் கொண்டு போங்கள்.