கப்பலில் இரவுச் சாப்பாடு எத்தனை மணிக்கு? டிக்கெட் போடும்போதே முடிவு செய்யுங்கள்

க்ரூஸ் புக்கிங்கில் கேபினைத் தேர்ந்தெடுத்த பிறகு, பணம் கட்டுவதற்கு முன்னால், டைனிங் பற்றி ஒரு கேள்வி வரும். பால்கனி கேபினா, ஜன்னல் கேபினா என்று ஒரு வாரம் வீட்டில் பேசியவர்கள்கூட இந்த இடத்தில் "ஏதோ ஒன்று போடுங்க" என்று சொல்லிவிடுவார்கள். எதைத் தேர்ந்தாலும் மெனு ஒன்றுதான், சமையலறை ஒன்றுதான், கட்டணத்திலும் பெரும்பாலும் வித்தியாசம் கிடையாது. அதனால்தான் அந்த அலட்சியம். ஏதோ ஒன்று போட்டால் மிச்சம் இருப்பதுதான் கிடைக்கும். அது மாலை 5.30 மணி சாப்பாடாக இருந்தால், பஜ்ஜி காபி நேரத்தில் சூப்பும் மீனும் முன்னால் வந்து நிற்கும். இரவு 10 மணிக்கு மறுபடி பசிக்கும்.

முறை இரண்டு. ஒன்று நிலையான நேரம். கப்பல்காரர்கள் டிரடிஷனல் டைனிங் என்பார்கள். முதல் பந்தி 5.30 அல்லது 6 மணிக்கு, இரண்டாம் பந்தி 8 அல்லது 8.30க்கு. பயணம் முழுக்க அதே மேசை, அதே வெயிட்டர், பெரிய மேசையானால் பக்கத்தில் அதே ஆட்கள். மற்றது நெகிழ்வான நேரம். ராயல் கரீபியனில் இதற்கு மை டைம் டைனிங் என்று பெயர், கார்னிவலில் யுவர் டைம் டைனிங், செலிபிரிட்டியில் செலக்ட் டைனிங். மாலையில் உணவுக்கூடம் திறந்ததிலிருந்து மூடும்வரை எப்போது வேண்டுமானாலும் போகலாம். மேசையும் வெயிட்டரும் தினம் மாறலாம்.

எல்லாக் கப்பலிலும் இந்த இரண்டும் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். நார்வீஜியன் நிறுவனம் 2000இல் ஃப்ரீஸ்டைல் என்ற பெயரில் பந்தி முறையையே எடுத்துவிட்டது. டிஸ்னியில் நேர்மாறு: நேரம் நிலையானது, உணவகம் தினம் மாறும், உங்கள் வெயிட்டரும் உங்களோடு அடுத்த உணவகத்துக்கு வருவார். கியூனார்டில் கேபின் வகுப்புதான் தீர்மானிக்கும். சாதாரண கேபின்காரர்களுக்கு பிரிட்டானியா உணவகத்தில் பந்தி, கிரில் எனப்படும் உயர்வகுப்புக்காரர்களுக்குத் தனி உணவகமும் அவர்களுக்கென்றே ஒதுக்கிய மேசையும். ஆகவே முதல் கேள்வி, உங்கள் கப்பலில் தேர்வே இருக்கிறதா என்பது.

பந்தி ஏன்?

நாலாயிரம் பேர் போகும் கப்பலில் நாலாயிரம் பேரும் ஒரே நேரத்தில் உட்காரும் உணவுக்கூடம் கட்ட முடியாது. கல்யாண மண்டபக் கணக்குதான்: முதல் பந்தி எழுந்தால்தான் இரண்டாம் பந்திக்கு இலை. மேசைக்கு ஒன்றேகால் மணி நேரம் முதல் ஒன்றரை மணி நேரம் வரை ஆகும். ஸ்டார்டர், மெயின், டெசர்ட் என்று மூன்று சுற்று வருவதால் நம் வேகத்துக்கு இருபது நிமிடத்தில் எழ முடியாது.

இந்தப் பந்திகளோடு தியேட்டர் நேரமும் சேர்த்துத்தான் பின்னப்பட்டிருக்கும். ஷோ ஓர் இரவில் இரண்டு முறை நடக்கும். முதல் பந்திக்காரர்கள் சாப்பிட்டுவிட்டுப் பின் ஷோவுக்குப் போவார்கள், இரண்டாம் பந்திக்காரர்கள் முன் ஷோவைப் பார்த்துவிட்டுச் சாப்பிட வருவார்கள். நெகிழ்வு நேரக்காரர்களுக்கு இந்தக் கணக்கை யாரும் போட்டுத் தர மாட்டார்கள். 7 மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தால் 7.30 ஷோ போச்சு. 9.30 ஷோவுக்குள் குழந்தை தூங்கிவிடும். மை டைம் எடுப்பவர்கள் ஷோ நேரத்தை முதலில் குறித்துக்கொண்டு, அதற்கு ஒன்றே முக்கால் மணி நேரம் முன்னால் மேசை போடுவதுதான் சரியான வரிசை.

நிலையான நேரத்தை ஒழித்துப் பார்க்கும் சோதனையும் நடந்திருக்கிறது. ராயல் கரீபியன் 2014 இறுதியில் குவாண்டம் ஆஃப் தி சீஸ் கப்பலைக் கடலில் இறக்கியபோது, ஒரே பெரிய உணவுக்கூடத்துக்குப் பதிலாகப் பல சிறு உணவகங்களை வைத்து, டைனமிக் டைனிங் என்று பெயரிட்டு, விரும்பிய நேரம் விரும்பிய இடம் என்றது. முன்பதிவுக் குழப்பமும் வரிசையும் பற்றிப் புகார்கள் வந்தன. ஓரிரு ஆண்டுகளில் பழைய பந்தி முறைக்கும் மை டைமுக்கும் திரும்பிவிட்டார்கள். சுதந்திரம் கேட்பவர்கள் நிறையப் பேர். ஆனால் எல்லோரும் அதே 7 மணிக்குத்தான் கேட்கிறார்கள்.

துறைமுக நாள்களை எண்ணிப் பாருங்கள்

முடிவெடுக்கும் முன் ஒரு தாளில் பயணத் திட்டத்தை எழுதி, ஒவ்வொரு நாளுக்கும் எதிரே கப்பல் கிளம்பும் நேரத்தைப் போடுங்கள். மாலை 4 மணிக்குள் கிளம்பும் நாள்களும் கடலிலேயே இருக்கும் நாள்களும் அதிகமா? எந்தப் பந்தியும் சரிப்படும். 6, 7 மணிக்குக் கிளம்பும் நாள்கள் அதிகமா? முதல் பந்தி வேண்டவே வேண்டாம்.

மத்தியதரைக்கடல் பயணத்தில் இது நன்றாகத் தெரியும். ரோம் என்று திட்டத்தில் போட்டிருந்தாலும் கப்பல் நிற்பது சிவிதாவெக்கியா துறைமுகத்தில். நகரத்திலிருந்து சுமார் 80 கிலோமீட்டர், பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் வரை ஆகும். கொலோசியம், வாடிகன் பார்த்துவிட்டு 6 மணிக்குக் கப்பல் ஏறுபவர், வியர்வைச் சட்டையோடு 6 மணிப் பந்திக்கு ஓட முடியாது. அங்கே ஓடும் எம்எஸ்சி, கோஸ்டா போன்ற ஐரோப்பியக் கப்பல்களில் பந்திகளே தள்ளி இருக்கும். இரண்டாம் பந்தி 9 மணியை ஒட்டியும் வரும். நம் ஆட்களுக்கு அது பழகின நேரம்தான். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு மட்டும் கஷ்டம்.

சிங்கப்பூரிலிருந்து போகும் 3, 4 இரவுப் பயணங்களில் வேறு விஷயம் பார்க்க வேண்டும். அங்கே வருடம் முழுக்கச் சூரியன் மறைவது 7 மணியை ஒட்டித்தான். முதல் பந்திக்காரர்கள் சாப்பிட்டு முடித்து மேல்தளத்துக்கு வந்தால் பார்க்கலாம், இரண்டாம் பந்திக்காரர்கள் பார்த்துவிட்டுச் சாப்பிட வரலாம். 7 மணிக்கு மேசை போட்டவர் உள்ளே சூப் குடித்துக்கொண்டிருப்பார்.

அந்தப் பக்கம் இன்னொரு வலை உண்டு. சிங்கப்பூருக்கும் தாய்லாந்துக்கும் ஒரு மணி நேர வித்தியாசம். கப்பல் பல நேரம் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடும். ஆனால் புக்கெட் பக்கம் போனதும் உங்கள் போன் உள்ளூர் டவரைப் பிடித்து, தானாக ஒரு மணி நேரம் பின்னால் போய்விடும். போனில் 8 மணி என்று நீங்கள் கிளம்பும்போது கப்பலில் 9. உங்கள் மேசைக்காரர்கள் டெசர்ட்டில் இருப்பார்கள். போனில் தானியங்கி நேரத்தை அணைத்து, கையால் கப்பல் நேரத்தை வையுங்கள். கேபினுக்கு வரும் தினசரித் தாளிலோ கப்பலின் ஆப்பிலோ கப்பல் நேரம் இருக்கும். கரைக்குப் போய்த் திரும்புவதற்கும் இதே நேரம்தான் கணக்கு.

மாத்திரை, இன்சுலின்

வீட்டுப் பெரியவர்களுக்காக நாங்கள் முதலில் கேட்பது இதுதான். இன்சுலினோ, சாப்பாட்டுக்கு முன் போடும் சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்களுக்கு நிலையான நேரம் பாதுகாப்பானது. முன்பதிவில்லாமல் நெகிழ்வு நேரத்தில் 7.15க்குப் போனால், மேசை கிடைக்க அரை மணி, ஆர்டர் கொடுத்து முதல் தட்டு வர இன்னொரு கால் மணி. கேபினிலேயே ஊசி போட்டுக்கொண்டு வந்தவருக்கு அதற்குள் சர்க்கரை இறங்கிவிடலாம். எந்த முறையாக இருந்தாலும், மேசையில் உட்கார்ந்து பிரெட் கூடை வந்த பிறகு போட்டுக்கொள்ளலாமா என்று உங்கள் டாக்டரிடம் கிளம்பும் முன்பே கேட்டு வையுங்கள். பையில் நாலு குளுக்கோஸ் மிட்டாயும் இருக்கட்டும். முதல் பந்திக்காரர்கள் படுக்கும் முன் ஏதாவது சாப்பிட வேண்டிவரும். பஃபே பெரும்பாலும் 9 மணிக்கு மூடிவிடும், அதன் பிறகு எந்தக் கடை திறந்திருக்கும் என்று முதல் நாளே பார்த்து வையுங்கள்.

நோன்பு வைப்பவர்களுக்கு, ரமலான் மாதத்தில் சிங்கப்பூர்ப் பயணம் என்றால் முதல் பந்தி பயன்படாது. பஃபேயில் நோன்பு திறந்துவிட்டு இரண்டாம் பந்திக்குப் போவது சௌகரியம்.

சின்னக் குழந்தைகளுக்கு முதல் பந்தி நல்லது என்பது பொதுவாகச் சொல்லும் யோசனை. 6 மணிக்குச் சாப்பிட்டு 8.30க்குத் தூங்கும் குழந்தைக்கு அது சரி. நம் வீடுகளில் பல குழந்தைகள் 10 மணிக்குத்தான் தூங்குகின்றன; அவர்களுக்கு 5.30க்கு ஊட்டினால் பாதித் தட்டு திரும்பும். டிஸ்னியில் இரண்டாம் பந்தியிலும் ஒரு வசதி உண்டு: 3 முதல் 12 வயதுக் குழந்தைகளுக்கு முதலில் பரிமாறிவிட்டு, சுமார் 45 நிமிடத்தில் கிட்ஸ் கிளப் ஊழியர்கள் வந்து கூட்டிப் போவார்கள். பெற்றோர் நிதானமாகச் சாப்பிடலாம்.

சைவம், ஜெயின், அலர்ஜி

இந்த ஓர் இடத்தில் நிலையான மேசைக்கு ஈடு இல்லை. சிறப்பு உணவு கேட்பவர்களிடம் ஹெட் வெயிட்டர் முதல் நாள் இரவே மறுநாள் மெனுவைக் கொண்டு வந்து காட்டுவார். எது வேண்டும், எதில் என்ன நீக்க வேண்டும் என்று சொல்லிவிட்டால் மறுநாள் தயாராக வரும். அதே வெயிட்டர் என்பதால் இரண்டாம் நாளே, இவர்களுக்கு முட்டை கூடாது, அவருக்கு வெங்காயம் பூண்டு கூடாது என்று மனப்பாடம் ஆகிவிடும். தனியாகச் சொல்லிச் செய்யும் பருப்பும் சப்பாத்தியும் இப்படித்தான் நேரத்துக்கு வரும். உட்கார்ந்த பிறகு கேட்டால் அரை மணி நேரக் காத்திருப்பு, அல்லது பாஸ்தா.

நெகிழ்வு நேரம்தான் வேண்டும் என்பவர்கள் முதல் இரவே ஒரு நல்ல வெயிட்டர் அமைந்தால் அவர் பெயரையும் மேசை எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் வாசலில் அந்தப் பகுதியிலேயே உட்கார வையுங்கள் என்று கேட்கலாம். ஒரே நேரத்துக்குத் தினமும் முன்பதிவு செய்தவர்களுக்கு இது எளிதில் கிடைக்கும். புக்கிங்கிலேயே உணவு வகையைப் பதிவது இரண்டு முறைக்கும் கட்டாயம். கடைசி வாரத்தில் சொன்னால் சமையலறைச் சாமான் பட்டியலில் ஏறாது. ஒன்றரை, இரண்டு மாதம் முன்பே சொல்லிவிடுங்கள்.

கூட்டமாகப் போகிறவர்கள்

பன்னிரண்டு பேர், நாலு கேபின், நாலு புக்கிங் எண். இங்கேதான் அதிகம் சொதப்புகிறது. ஒரே குடும்பம் என்பது கப்பலின் கணினிக்குத் தெரியாது. நாலு எண்களையும் டைனிங்குக்காக இணைக்கச் சொல்லி ஏஜென்டிடமோ நிறுவனத்திடமோ கேட்க வேண்டும். இணைப்பதற்கு முன் நாலிலும் ஒரே முறை, ஒரே பந்தி இருக்க வேண்டும். மூன்றில் இரண்டாம் பந்தியும் ஒன்றில் மை டைமும் இருந்தால் சேராது. ஒருவர் மட்டும் பிறகு கேபினை மாற்றினாலோ புக்கிங்கைத் திருத்தினாலோ இணைப்பு விட்டுப்போகலாம். பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பு மறுபடி சரிபாருங்கள்.

எட்டுப் பேருக்கு மேல் என்றால் நிலையான நேரம்தான் எங்கள் பரிந்துரை, அதிலும் இரண்டாம் பந்தி. நெகிழ்வு நேரத்தில் பன்னிரண்டு பேருக்குப் பக்கத்துப் பக்கத்து மேசைகள் ஒன்றாகக் காலியாவது அபூர்வம். நாள் முழுக்க ஆளுக்கொரு பக்கம் சுற்றும் குடும்பத்துக்கு எல்லோரும் சேரும் ஒரு நேரமும் அமையும். இரண்டே பேர் போகிறீர்கள், புது ஆட்களோடு மேசையைப் பகிரப் பிடிக்காது என்றால் நெகிழ்வு எடுங்கள். இருவர் மேசைகள் குறைவு என்பதால் முன்பதிவோடு.

நெகிழ்வு என்றாலும் பதிவு செய்யுங்கள்

மை டைம் முறையில் கப்பலின் இணையதளம் அல்லது ஆப் வழியாக ஒவ்வொரு இரவுக்கும் நேரம் குறிக்கலாம். புக்கிங் முடிந்த வாரமே செய்துவிடுங்கள், முதல் இரவையும் சேர்த்து. முதல் இரவுதான் மோசமான நெரிசல்: பதிவு செய்யாத எல்லோரும் அன்று ஒன்றாக வந்து நிற்பார்கள். 7 முதல் 7.45 வரை உச்சம். 6.15 அல்லது 8.30 என்றால் பதிவில்லாமலும் சமாளிக்கலாம். வாசலில் பதிவு உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் தனித்தனி வரிசை இருக்கும். தெரியாமல் தவறான வரிசையில் கால் மணி நேரம் நிற்பது அடிக்கடி நடக்கும்.

கேட்ட பந்தி கிடைக்காமல் வெயிட்டிங் லிஸ்டில் இருப்பவர்கள் கப்பல் ஏறியதும் நேராகப் போக வேண்டியது உணவுக்கூட மேலாளரிடம். அன்று மதியம் சில மணி நேரம் மாற்றங்களுக்காகவே உட்கார்ந்திருப்பார். இடமும் நேரமும் தினசரித் தாளில் இருக்கும். நீச்சல் குளத்துக்கு முன்னால் அங்கே போங்கள். நிலையான நேரக்காரர்களின் கேபின் கார்டில் உணவுக்கூடம், பந்தி நேரம், மேசை எண் அச்சாகியிருக்கும். அதே கார்டில் அவசரகாலத்தில் கூட வேண்டிய இடத்தின் குறியீடும் இருக்கும். அதை மேசை எண் என்று நினைத்துத் தேடுபவர்கள் உண்டு.

டிப்ஸ் எந்த முறையானாலும் தினசரிக் கணக்கில் தானாக ஏறும். ஒரு நாள் காசு கொடுத்துச் சாப்பிடும் சிறப்பு உணவகத்துக்குப் போவதானால் முதல் நாளே வெயிட்டரிடம் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் போனால் பகிர்ந்த மேசையில் மற்றவர்கள் உங்களுக்காகக் காத்திருப்பார்கள்.

இரண்டாம் பந்திக்காரர்களுக்குக் கடைசி இரவு பற்றி ஒன்று. பெரிய பெட்டிகளை டேக் கட்டி, 10, 11 மணிக்குள் கேபின் வாசலில் வைக்கச் சொல்வார்கள். 8.30க்கு உட்கார்ந்தவர் எழும்போது 10 ஆகிவிடும். அன்று சாப்பாட்டுக்குப் போகும் முன்பே பெட்டியைக் கட்டி வெளியே வைத்துவிடுங்கள். இரவு உடை, மறுநாள் உடை, மாத்திரை, பாஸ்போர்ட் நாலையும் கைப்பையில் எடுத்து வைத்த பிறகு.